ஆட்டு மந்தையில் நேரும் நஷ்டமும் அதனைத் தடுக்கும் வழிகளும்

புன்செய்க் கிராமங்களில் ஆட்டு மந்தையே குடியானவரின் சேமநிதி. மழை பொய்த்த ஆண்டில் நாலைந்து ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிக் குடும்பச் செலவை ஈடுசெய்து கொள்வது வழக்கம். ஆனால் இம்முதல் சில நாட்களிலேயே அழிந்துபோகக் கூடியது. ஆதலின் நஷ்டம் எவ்வழியாக வருமென்பதை முன்னரே அறிந்து நடப்பது அவசியம்.

நோய்களுள் கொடியது ஆட்டுக்கொல்லி. நம் தேசத்தில் இது முதன்முதலாக 1987ஆம் ஆண்டில் விழுப்புரம் பக்கத்து அரசூர் கிராமத்தில் கண்டறியப்பட்டது. கடுஞ்சுரம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், இருமல் ஆகியவை இதன் குறிகள்.

இரண்டொரு ஆடு இறந்தவுடன் எஞ்சியவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடவே பலரும் முற்படுவர். வேறு கைம்முதல் இல்லாதவருக்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பே. எனினும் அதன் பலனை ஆராய வேண்டும். சந்தையில் விற்ற ஆடு பல ஊர்ப் பட்டிகளுக்கு நோயைக் கொண்டுசெல்லும். வியாபாரிகள் அவ்வூர் ஆட்டை வாங்க அஞ்சுவர். நோயற்ற ஆட்டுக்கும் விலை குன்றும். பின்னர் விற்றவரே அச்சந்தையில் குட்டி வாங்கினால் அந்நோய் அவர் பட்டிக்கே திரும்பவும் கூடும்.

ஆகவே நோய் வருமுன்பே செய்யத்தக்கவை இவை:

1. குட்டிக்கு 4 மாதம் நிரம்பியபின் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடுக. அதன் காப்பு 3 ஆண்டு நிற்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊசி வேண்டும். மழையில் தழைத்த இளம்புல்லை மிகுதியாக மேய்ந்த கொழுத்த ஆடுகளையே அந்நோய் பெரும்பாலும் கொல்லும். நல்ல விலை பெறுவனவும் அவையே.

2. புதிதாக வாங்கிய ஆட்டை 21 நாள் தனியே கட்டுக.

3. மந்தை நலமாயிருக்கும்போதே இன்ஷியூரன்ஸ் செய்க. காதிலிட்ட வில்லை தொலைந்தால் உடனே தெரிவித்து வேறு இடுவித்துக் கொள்க. வில்லையின்றி இறந்த ஆட்டுக்கு ஈட்டுத்தொகை பெறுதல் அரிது.

4. தானே செத்த ஆட்டை இறைச்சிக்காக அறுக்கலாகாது. அடைப்பானால் இறந்திருப்பின் அது மனிதருக்கும் தொற்றும். சிந்திய இரத்தத்திலுள்ள கிருமி மண்ணில் பல்லாண்டு தங்கும். 6 அடி ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.

இறைச்சி விற்போரும் பரிசோதித்த ஆட்டையே அறுப்பாராக. நெடுந்தூரம் ஓட்டி வந்த ஆட்டுக்கு நீர் கொடுத்து ஓர் இரவு இளைப்பாற விடுதல் நன்று; களைப்புடன் அறுத்த இறைச்சி கருத்து விரைவில் கெடும்.

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இத்தகைய நோயைச் சந்தேகிப்பவர் நோயுற்றவற்றைப் பிரித்து வைத்துக் கிராம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; அவர் மூலம் அச்செய்தி கால்நடை மருத்துவரை எழுத்தில் அடையும். அதிகாரிகள் இத்தகவலைக் குற்றமாகக் கருதாது, தெரிவித்தவருக்கு ஆதரவளித்து அன்றே அனுப்புவாராயின் ஊர் மந்தை முழுவதும் பிழைக்க வழியுண்டு.