வேலி போட்டார்கள், வண்ணத்துப்பூச்சி மறைந்தது!

ஓர் அரிய உயிரினம் அழிந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் காப்பாற்ற நீங்கள் என்ன செய்வீர்கள்? அது வாழும் இடத்தைச் சுற்றி வேலி போட்டு, மனிதரும் ஆடுமாடுகளும் நுழையாமல் பார்த்துக்கொள்வோம் என்றுதானே சொல்வீர்கள்? இங்கிலாந்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால், அந்த உயிரினம் வேலிக்குள்ளேயே அழிந்து போயிற்று! ஏன்? அந்தப் புதிர் எப்படி விடுபட்டது என்று பார்ப்போம்.

அந்த உயிரினம் பெருநீல வண்ணத்துப்பூச்சி. நீல நிறச் சிறகுகளில் கரும்புள்ளிகள் கொண்டது. சிறகுகளை விரித்தால் சுமார் 5 செ.மீ. அகலம் இருக்கும். 1795-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் இயற்கை ஆர்வலர்கள் இதை அறிந்திருந்தனர். நாளடைவில் இது குறைந்துகொண்டே வந்தது. வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துச் சேகரிப்பவர்களே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணினர். எனவே வேலி போடப்பட்டது.

எறும்பை ஏமாற்றும் புழு

இதன் வாழ்க்கை வரலாறு மிகவும் விந்தையானது. தாய்ப்பூச்சி கோடையில் ‘தைம்’ என்னும் சிறு செடியின் பூமொட்டுகளில் முட்டையிடும். தைம், நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த நறுமணச் செடி. முட்டையிலிருந்து வரும் புழு சுமார் 3 வாரம் அந்தப் பூக்களைத் தின்னும். பிறகு தரையில் விழுந்துவிடும். அங்கே வரும் எறும்பு, புழு சுரக்கும் இனிப்பு நீரை நக்கும். புழுவின் மணத்தால் ஏமாந்து, அதைத் தன் இனத்துக் குஞ்சு என்று எண்ணித் தூக்கிச் செல்லும். எறும்புப் புற்றுக்குள் நுழைந்த புழு என்ன செய்யும் தெரியுமா? எறும்பின் இளம்புழுக்களையே தின்று கொழுக்கும்! ஏறக்குறைய 10 மாதங்கள் அங்கேயே தங்கும். அதன் முழு எடையில் 100-க்கு 98 பங்கு இந்தப் புற்றுக்குள்தான் கூடுகிறது.

எறும்புக்கும் இப்புழுவுக்கும் உள்ள தொடர்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆனாலும், தைம் நிறையப் பூத்திருந்த இடங்களில்கூட வண்ணத்துப்பூச்சி ஏன் மறைந்தது என்பது மட்டும் விளங்கவில்லை.

புல்லின் உயரமே விடை

1972-இல் ஜெரமி தாமஸ் என்ற இளம் விஞ்ஞானி இதை ஆராயத் தொடங்கினார். எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தின் அருகிலேயே ஒவ்வொரு கோடையையும் கழித்தார். முட்டைகளையும் புழுக்களையும் புற்றுகளையும் எண்ணிக் கணக்கெடுத்தார். ஓர் உண்மை வெளிப்பட்டது. எந்தச் சிவப்பெறும்பும் புழுவைத் தூக்கிச் செல்லும். ஆனால், ‘மிர்மிகா சபுலெட்டி’ என்ற ஒரே வகை எறும்பின் புற்றில்தான் புழு நன்கு பிழைத்தது. மற்ற புற்றுகளில் பெரும்பாலும் மடிந்தது.

இந்த எறும்புக்கு வெப்பமான மண் வேண்டும். இங்கிலாந்து குளிர்நாடு அல்லவா? அங்கே வெயில் படும் தெற்குச் சரிவுகளில், புல் 3 செ.மீ.க்கும் குட்டையாக இருந்தால்தான் மண் போதிய அளவு சூடேறும். புல் சிறிது வளர்ந்துவிட்டால், அதன் நிழலில் மண்ணின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் குறைந்துவிடும். சபுலெட்டி விலகிவிடும், அந்த இடத்தை வேறு எறும்பு பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை எவை? உழவர்களின் ஆடுமாடுகள்! அவற்றோடு முயல்கள். மலைச்சரிவில் மேய்ப்பது கட்டுப்படியாகாததால் உழவர்கள் பல இடங்களில் மேய்ச்சலைக் கைவிட்டனர். 1953-இல் ‘மிக்சோமாட்டோசிஸ்’ என்ற நோய் பரவி, முயல்களில் மிகப் பெரும்பாலானவை மாண்டன. புல் ஓங்கி வளர்ந்தது. காப்பதற்காகப் போட்ட வேலியோ, மேய வந்த கால்நடைகளையும் தடுத்துவிட்டது!

தாமஸ் விடையைக் கண்டுபிடித்தபோது மிகச் சில பூச்சிகளே எஞ்சியிருந்தன. 1976-ஆம் ஆண்டின் கடும் வறட்சியும் அவற்றைத் தாக்கியது. 1979-இல் இங்கிலாந்தில் பெருநீலம் அற்றுப் போயிற்று.

மீண்டும் வந்தது

ஆனால் ஆராய்ச்சி வீண்போகவில்லை. சரிவுகளில் மேய்ச்சல் மீண்டும் முறைப்படுத்தப்பட்டது. புதர்கள் வெட்டப்பட்டன. எறும்புகள் பெருகின. 1983-இல் சுவீடன் நாட்டின் ஓலாந்து தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விடும் முயற்சி தொடங்கியது. அது வெற்றி பெற்றது. ராட்பரோ காமன் என்னும் மேய்ச்சல் வெளியில் 2019-இல் சுமார் 1,100 புழுக்கள் விடப்பட்டன. 2020 கோடையில் அங்கே ஏறக்குறைய 750 வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன. அந்த இடத்தில் அவை 150 ஆண்டுகளாகக் காணப்படாதவை!

இது ஒரு பூச்சியின் கதை மட்டுமன்று. ஐரோப்பாவின் பூத்துக்குலுங்கும் புல்வெளிகளில் பெரும்பாலானவை தாமாகத் தோன்றியவை அல்ல. பல நூற்றாண்டுகளாக மேய்த்தும் வைக்கோலுக்காக அறுத்தும் உழவர்கள் உருவாக்கியவை. கைவிட்டால் அவை புதராகி, பின் காடாகிவிடும். மாறாக, உரத்தை அள்ளிக் கொட்டினால் உயரமான புற்கள் செழித்து, தைம் போன்ற சிறு செடிகளை மூடிவிடும். உழவு மிகுந்தாலும் கேடு. உழவு நின்றாலும் கேடு! இதை உணர்ந்த ஐரோப்பிய நாடுகள், இயற்கைக்கு இசைந்த முறையில் பயிரிடுவோருக்கும் கால்நடை மேய்ப்போருக்கும் உதவித்தொகை தரும் திட்டத்தை 1992-இல் பொதுச் சட்டமாக்கின.

இனி நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். வெயில் நாளில், பள்ளி மைதானத்தில் குட்டைப்புல் உள்ள ஓர் இடத்தையும் உயர்ந்த புல் உள்ள ஓர் இடத்தையும் தேர்ந்தெடுங்கள். நண்பகலில் இரண்டு இடத்திலும் ஒரே ஆழத்தில் வெப்பமானியை மண்ணில் பதித்து, 5 நிமிடம் கழித்து அளவைக் குறியுங்கள். பிறகு, எந்த இடத்தில் எந்த எறும்பு நடமாடுகிறது என்றும் குனிந்து பாருங்கள். தாமஸ் தம் ஆராய்ச்சியை அப்படிக் குனிந்து பார்த்துத்தான் தொடங்கினார்.