நாவினாற் புனையும் வேடம்

நடிகன் புனையும் வேடத்திற் பாதி ஆடையிலும் அணியிலும் உள்ளது. மற்றைப் பாதி நாவில் உள்ளது. இந்த இரண்டாம் பாதியைக் கற்பிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட அமெரிக்கர் ஒருவரின் வரலாறு, மொழியாசிரியராகிய நாம் சிந்திக்கத்தக்கது. அவர் பெயர் றொபேட் ஈஸ்ரன்.

1930 ஆம் ஆண்டு மில்வோக்கி நகரிற் பிறந்த ஈஸ்ரன், ஏழாம் வயதில் ரெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். இளமையில் அவருக்குத் திக்குவாய். சொல்லொன்று நாவிலே தடைப்பட்டு நிற்குந் துன்பத்தை அறிந்தவரே பின்னாளிற் பலர்க்கும் நாப்பயிற்சி அளித்தார்.

வளர்ந்து நடிகரானபோது, ரெக்சாஸ் மக்களின் இழுத்துப் பேசும் பேச்சே அவருக்கு வாய்ப்புக்களைத் தேடித் தந்தது. ஆயின் அதுவே விலங்குமாயிற்று. நாட்டுப்புறத்துப் பேதை வேண்டுமெனின் ஈஸ்ரனை அழைத்தனர். பிற வேடங்களுக்கு அவரை நினைத்தாரில்லை. ஒருவன் பேச்சைக் கேட்டவுடன் அவனது அறிவையும் அளந்துவிடும் உலகியல்பு அங்கும் இருந்தது.

இவ்விலங்கை அவர் கல்வியால் அறுத்தார். 1960களின் முற்பகுதியில் இங்கிலாந்து சென்று, இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியில் ஒலியியல் பயின்றார். பேராசிரியர் டானியல் ஜோன்ஸ் அத்துறையை வளர்த்த இடம் அது; அவர் எச். எஸ். பெரேராவுடன் சேர்ந்து சிங்களப் பேச்சுமொழிக்கு ஒலிக்குறியீட்டு வாசகம் ஒன்றை 1919 இல் வெளியிட்டதை இலங்கையராகிய நாம் நினைவுகூரலாம்.

பின்னர் ஈஸ்ரன் ஹொலிவூட்டில் நடிகர்க்கு ஆசிரியரானார். 'தி போய்ஸ் புறொம் பிறசில்' (1978) படத்திற் கிறகறி பெக்குக்கு ஜேர்மானியர் பேசும் ஆங்கிலத்தையும், 'ஸ்கார்பேஸ்' (1983) படத்தில் அல் பசீனோவுக்குக் கியூபர் பேசும் ஆங்கிலத்தையும் பயிற்றினார். 2006 இல் வெளிவந்த படமொன்றில் உகண்டாவின் இடி அமீனாகத் தோன்றிய பொறஸ்ற் விற்றேக்கரும் அவரிடம் பயின்றவரே. அவ்வேடத்துக்கு விற்றேக்கர் ஒஸ்கார் பரிசு பெற்றார். 2011 டிசெம்பரில், எண்பத்தொரு வயதில், ஈஸ்ரன் காலமானார்.

இக்கலை வெறும் போலிசெய்தல் அன்று. 'நான்' எனப் பொருள்படும் 'ஐ' என்னும் ஆங்கிலச் சொல், அமெரிக்கத் தென்பகுதியார் வாயில் 'ஆ' என நீளும். இலண்டன் கிழக்குப்பகுதித் தொழிலாளர் வாயில் 'ஹவுஸ்' என்பது 'அவுஸ்' ஆகும். இவை பிழைகள் அல்ல, ஒழுங்குடைய வழக்குகள். நா எங்கே எழுகின்றது, இதழ் எவ்வாறு குவிகின்றது, குரல் எவ்விடத்தில் உயர்கின்றது என்பவற்றை அறிந்தே அவற்றைக் கற்கவேண்டும். தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படித்தோர்க்கு இந்நோக்குப் புதிதன்று.

ஈஸ்ரனை 'ஹொலிவூட்டின் ஹென்றி ஹிக்கின்ஸ்' என்று அழைத்தனர். பேர்னாட் ஷோவின் 'பிக்மாலியன்' நாடகத்திற் பூ விற்கும் பெண்ணுக்குச் சீமாட்டியின் பேச்சைக் கற்பிப்பவரே ஹிக்கின்ஸ். எனினும், இருவரிடையே பெரியதொரு வேறுபாட்டை நான் காண்கின்றேன். ஹிக்கின்ஸ் ஒரு பேச்சை உயர்ந்ததென்றும் மற்றொன்றை இழிந்ததென்றுங் கொண்டார். ஈஸ்ரனின் தொழிலிலோ எல்லாப் பேச்சும் உழைத்துக் கற்கவேண்டிய பாடங்களே. சீமானின் பேச்சுக்கு வேண்டிய அதே கவனம் குடியானவனின் பேச்சுக்கும் வேண்டும்.

பல்லாண்டுகளாக இலக்கணங் கற்பிக்கும் எனக்கு இதுவே முதன்மையாகத் தோன்றுகின்றது. தன் ஊர்ப்பேச்சை வகுப்பிலே பிறர் நகைப்பரோ என்றஞ்சி, விடை தெரிந்தும் வாய்திறவாதிருக்கும் மாணவரை நாம் அறிவோம். அவர்க்குச் செந்தமிழ் கற்பித்தல் நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆயின், தாய் தந்த பேச்சைப் பறித்துக்கொண்டு செந்தமிழைக் கொடுக்கவேண்டியதில்லை. ஒரு நா பல பேச்சுக்களைத் தாங்கவல்லது. முன்னதை மதித்துப் பின்னதைச் சேர்ப்பவனே நல்லாசிரியன்.