பொம்மைக்குச் சாயம் ஏறுமா?



முதலில் ஒரு கேள்வி. பிளாஸ்டிக் டப்பாவில் சாம்பார் சாதம் கொண்டு வந்தால் டப்பா மஞ்சளாகி விடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எவர்சில்வர் டப்பாவில் அப்படி ஒட்டுவதே இல்லை. ஏன் என்று யோசித்தது உண்டா?

மஞ்சள் தூளில் குர்குமின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். பிளாஸ்டிக்கும் தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை ஒட்டவிடும். பிளாஸ்டிக் என்பது நீளமான சங்கிலி மாதிரி மூலக்கூறுகளால் ஆனது. சூடான சாம்பார் பட்டதும் அந்தச் சங்கிலிகள் கொஞ்சம் தளர்ந்து வழி விடும். குர்குமின் நைசாக உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும். ஆறினதும் வழி அடைத்துவிடும். அப்புறம் எந்தச் சோப்பு போட்டும் வெளியே வராது. நாம் கறை என்று திட்டுகிறோம். உண்மையில் அது சாயம்!

இதே வழியில்தான் பிளாஸ்டிக் பொம்மைக்கும் நிறம் மாற்றலாம். வெளிநாடுகளில் பார்பி மாதிரி பொம்மைகளை வாங்கி, மேனி நிறம் மாற்றி, முடி மாற்றி, முகத்தைப் புதிதாக வரைவதை ஒரு கலையாகவே செய்கிறார்கள்.

பெயிண்ட் வேறு, சாயம் வேறு

மதுரை விளாச்சேரி மண் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பெயிண்ட் மேலே உட்காரும். கொலுப்படியில் அசையாமல் இருக்கும் பொம்மைக்கு அது போதும். ஆனால் விளையாடுற பொம்மைக்குக் கையைத் தூக்குவோம், காலை மடக்குவோம். மூட்டு உரசுகிற இடத்தில் பெயிண்ட் உரிந்து விடும். சாயம் உள்ளே ஏறி இருப்பதால் உரியாது.

எல்லாச் சாயமும் எல்லாவற்றிலும் ஏறாது

1856-ல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேயர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 18 தான். மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய் ஊதா நிறம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனிச் சாயம் வந்துவிட்டது.

எங்க பக்கம் சங்கரன்கோவில் தறிகளில் ஓடுவது பருத்தி நூல். பருத்திக்குப் போடும் சாயம் தண்ணீரில் கரையும். அதைப் பொம்மை மேல் ஊற்றினால் கழுவியதும் போய்விடும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் போடுவது அமிலச் சாயம். நைலானும் பட்டும் வேதியியலில் சொந்தக்காரர்கள் மாதிரி. அதனால் பொம்மையின் முடி நைலானாக இருந்தால் அமிலச் சாயம் நன்றாகப் பிடிக்கும். விலை குறைந்த பொம்மைகளின் முடி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதில் சாயம் ஏறவே ஏறாது.

பாலியெஸ்டர் துணிக்கு இன்னொரு வகை. தண்ணீரில் கரையாமல், பொடியாகப் பரவி நிற்கும் சாயம். 1920-களில் ஒரு புது செயற்கை இழையில் வேறு எந்தச் சாயமும் ஏறாததால் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் குர்குமினைப் போலவே இதுவும் சூட்டில் உள்ளே நுழைந்து உட்காரும். பொம்மையின் மேனிக்கு ஏற்றது இதுதான்.

நாங்கள் செய்து பார்த்தது

எங்க மாமா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். பாலியெஸ்டர் துணியை மூடின மெஷினில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரை சூடாக்குவார்களாம். பொம்மையை அப்படிச் செய்தால் உருகி உருண்டை ஆகிவிடும். அதனால் கொதிக்க விடாமல், ஆவி வரும் சூட்டிலேயே வைக்கணும் என்றார்.

ஆடித்தபசுக் கடையில் வாங்கின பொம்மை ஒன்று எங்க வீட்டில் இருந்தது. சித்தி மகள் அதோடு விளையாடுவாள். அவள் முதல் வகுப்பு. “வெயில்ல அலையாதட்டி, கருத்துப் போயிருவ” என்று அந்தப் பொம்மையைத் திட்டிக் கொண்டே இருப்பாள். ஆச்சி அவளைத் திட்டுவதை அப்படியே திருப்பிச் சொல்வாள். அதற்காகவே இந்தப் பொம்மைக்கு நம்ம நிறம் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

பொங்கல் லீவுக்கு வந்த மாமா காப்பிப் பொடி நிறத்தில் கொஞ்சம் சாயம் கொண்டு வந்தார். கையுறை போட்டு, முகத்தில் துணி கட்டி, புறவாசலில் ஒரு ஓட்டை உடைசல் அலுமினியப் பாத்திரத்தில் அவரே செய்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் தலையும் கைகளும் நல்ல மாநிறம் ஆகிவிட்டன. அவை மெத்தென்ற வினைல் பிளாஸ்டிக். உடம்பு கெட்டியான வேற பிளாஸ்டிக், அதில் லேசாகத்தான் பிடித்தது. முடி மஞ்சளாகவே நின்றது. ஒரே பாத்திரம், ஒரே சாயம், மூன்று விதமான பலன்! பாடத்தில் படிக்கிற பலபடிகள் எல்லாம் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

முடியை வெட்டிவிட்டு கறுப்பு உல்லன் நூல் ஒட்டினோம். கண்ணும் வாயும் துணிக்குத் தீட்டும் பெயிண்டில் வரைந்தேன். உடம்புக்குப் பாவாடை சட்டை போட்டதும் வித்தியாசம் தெரியவில்லை. சித்தி மகள் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், “இனிமே இவ வெயில்ல வரலாம்லா அக்கா?” என்று கேட்டாள்.

ஒரு பொம்மை நிறத்தில் என்ன இருக்கு?

இருக்கிறது. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். நிறம் மட்டும் வேறாக இருந்த பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, நல்ல பொம்மை எது, உன்னை மாதிரி இருப்பது எது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். கெட்டது எது என்றதற்குப் பழுப்புப் பொம்மையைக் காட்டிவிட்டு, உன்னை மாதிரி இருப்பது எது என்றதும் சில குழந்தைகள் அழுதுவிட்டார்களாம். நிறம் பார்த்துப் பள்ளிக்கூடம் பிரிக்கக் கூடாது என்று 1954-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இந்த ஆய்வும் குறிப்பிடப்பட்டது.

பார்பி பொம்மை 1959-ல் வந்தது. பார்பி என்ற பெயரிலேயே கறுப்பினப் பொம்மை வர 1980 வரை ஆனது. நம் நாட்டிலும் 1975-ல் வந்த சிவப்பழகு கிரீம் ஒன்று, 2020-ல் தான் தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது. பொம்மையும் கிரீமும் நம் காதில் ஒரே விஷயத்தைத்தான் சொல்லி வந்திருக்கின்றன.

கட்டாயம் கவனிக்க

• சாயப் பொடியைப் பிள்ளைகள் தனியாகத் தொடக் கூடாது. பெரியவர்கள் உடன் இருக்கணும்.

• சாயம் காய்ச்சின பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

• பொருளை வாயில் வைக்கும் கைக்குழந்தைக்குச் சாயம் போட்ட பொம்மையைக் கொடுக்காதீர்கள்.

• நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருந்தால் சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

• மிச்சத் தண்ணீரைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நொய்யல் ஆறு கெட்டதால் 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாங்கள் அதே சாயத் தண்ணீரில் ஒரு பழைய பாலியெஸ்டர் துணியைப் போட்டு முடிந்தவரை உறிஞ்ச வைத்தோம்.

சாயப் பொடி இல்லாமலே நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்து பிளாஸ்டிக் ஸ்பூனில் தடவி, ஒரு ராத்திரி வைத்துக் கழுவுங்கள். மஞ்சள் ஏறி இருக்கும். பிறகு நாலு நாள் வெயிலில் வையுங்கள். வெளுத்துவிடும். குர்குமினை வெயில் சிதைத்துவிடும்.

நம் தோலில் இருப்பது குர்குமின் இல்லை, மெலனின். வெயில் பட்டால் அது கூடும், கூடி உள்ளே இருக்கும் செல்களைக் காக்கும். அதாவது கருக்கிறது என்பது நம் உடம்பு போட்டுக்கொள்ளும் குடை. இதை உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆச்சியிடமும் சொல்லுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ராயகிரி