சொறி எந்த வயதில் தொடங்கியது?

கற்பிட்டி தொடங்கி உடப்பு வரை கரைவலை இழுக்கிற எந்த வாடிக்குப் போனாலும் கிழட்டு நாய்கள் இரண்டாவது படுத்திருக்கும். இடுப்புப் பக்கம் மயிர் கொட்டி, அக்குள் தோல் கறுத்துத் தடித்து, கிட்டப் போனால் புளித்த எண்ணெய் வாடை அடிக்கும். சொறி நாய் என்று விலகிப் போகிறோம். இரக்கப்படுகிறவர்கள் படகு எஞ்சினின் கழிவு ஒயிலை எடுத்துப் பூசிவிடுகிறார்கள். அதை ஒருபோதும் செய்யக்கூடாது. நாயின் மேற்தோல் நம்முடையதைவிட மெல்லியது; மூன்று முதல் ஐந்து கல அடுக்குகள்தான். அது புண்பட்டிருக்கும்போது ஒயில் இன்னும் எரிக்கும். நக்குகிற நாக்கு வழியே நஞ்சு வயிற்றுக்கும் போகும்.

வயதான நாயின் தோலைப் பார்க்கிற மிருக வைத்தியர் முதலில் கேட்பது, இது எந்த வயதில் தொடங்கியது என்றுதான். சூழலால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். அப்போதிருந்தே சொறிந்துவந்த நாய் பத்து வயதிலும் சொறிந்தால் அது பழைய பிரச்சினையின் தொடர்ச்சியாக இருக்கலாம். பத்து வயதுவரை தோல் நன்றாக இருந்த நாய்க்குத் திடீரென்று மயிர் கொட்டினால் உடம்புக்குள்ளே தேட வேண்டும். தைரொயிட் சுரப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒரே சீராக மயிர் உதிரும், வால் எலிவால் போலாகும், நாய் சோம்பிப் பருக்கும். ஆனால் அவ்வளவாகச் சொறியாது. குஷிங் நோயில் கோர்ட்டிசோல் மிகுந்து வயிறு தொங்கும், தோல் மெலியும், நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும். ஏறக்குறைய எல்லா நாய்களின் மயிர்க்கால்களிலும் சிறிதளவு இருக்கும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணுண்ணி முதுமையில் பெருகினாலும், எதிர்ப்புச் சக்தி ஏன் தளர்ந்தது என்று பார்த்தாக வேண்டும்.

எங்கள் கரையோரத்தில் அதற்கு முன்பே செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. வாலடி மயிரை விலக்கிச் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். காது விளிம்பும் முழங்கையும் சொரசொரத்து, வீட்டிலுள்ளவர்களுக்கும் அரித்தால் சார்கோப்டிஸ் என்னும் நுண்ணுண்ணியால் வரும் சொறியாக இருக்கலாம். நுணுக்குக்காட்டி வைத்திருக்கும் வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்ப்பார். சிலவேளை நுண்ணுண்ணி அதில் அகப்படாது, அப்போது அறிகுறியை வைத்தே மருந்து கொடுப்பார். புளூரலனர், அஃபொக்சொலனர் போன்ற மாத்திரைகள் தெள்ளையும் உண்ணியையும் இந்த நுண்ணுண்ணிகளையும் கொல்லும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இலங்கை நாய்களில் பரவலாக உள்ள இன்னொன்று டைரோபிலேரியா ரெபென்ஸ் என்னும் புழு. தோலுக்கடியில் வாழும், பெண்புழு 17 சென்டிமீற்றர் வரை வளரும். பல நாய்கள் எதுவுமே காட்டாது. சிலவற்றுக்குக் கட்டியும் அரிப்பும் வரும். நுளம்பு வழியே மனிதருக்கும் வந்து தோலின் கீழ்க் கட்டியாகும். இந்நாட்டில் சிறுபிள்ளைகளில் அப்படிக் கண்டிருக்கிறார்கள்.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. எட்டுக் கிழமை, நாய் இதுவரை தின்னாத உணவை மட்டும் கொடுத்துப் பார்ப்பதே வழி. மேல்நாடுகளில் இதற்கு மீன் உணவைச் சொல்வதுண்டு. சோறும் மீனும் தின்று வளர்ந்த உடப்பு நாய்க்கு அது எப்படிப் பொருந்தும்? இங்கே ஆட்டிறைச்சியும் வத்தாளங்கிழங்கும் சரிவரலாம், செலவு கூடுதல்தான். அந்த எட்டுக் கிழமையும் ஒரு கருவாட்டுத் துண்டும் வாய்க்குப் போகக்கூடாது. வாடிப் பக்கம் விடாமல் வளவுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும்.

கடல்குளியல் சொறியைப் போக்காது. கடலில் இறங்கிய நாயை நல்ல தண்ணீரில் அலசி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். உடுப்புச் சவர்க்காரம் வேண்டாம். புளித்த வாடை வந்தால் மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகியிருக்கக்கூடும். குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்புவைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டே கழுவ வேண்டும். உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது. கிழமைக்கு இருமுறை தொடங்கி, தோல் தேறத் தேறக் குறைக்கலாம்.

பெரிய கவலை பிரெட்னிசலோன் மாத்திரைதான். மலிவு, ஓரிரு நாளில் அரிப்பு நிற்கும். அதனால் பாமசியில் வாங்கி மாதக்கணக்காகக் கொடுக்கிறார்கள். தசை கரையும், கிருமித் தொற்று பெருகும், குஷிங் நோயின் அத்தனை அடையாளங்களும் மாத்திரையாலேயே வந்துவிடும். நீண்டநாள் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து; வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது எடுக்கும் தைரொயிட் அளவு குறைவாகக் காட்டும். ஆகவே ஹோர்மோன் பரிசோதனைக்காகக் கொழும்புக்கோ பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கோ போவதானால், என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று எழுதி, வெற்று அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.