உஷார்! கேத்தில் கொதித்தாலும் ஈயம் போகாது

கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுகிறீர்களா? மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் பழைய இரண்டு மாடி, மூன்று மாடி வீடொன்றில் குடியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். கொதித்தால் கிருமி சாகும், ஈயம் அப்படியே கிடக்கும். தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மிஞ்சுவதில் ஈயத்தின் செறிவு இன்னும் ஏறும்.

நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் நல்லபடியாகத்தான் வருகிறது. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் பிரிந்து வரும் கடைசித் துண்டுதான் கோளாறு. 1970க்கு முன் கட்டிய, எட்டுக் குடியிருப்புக்கு மேற்படாத கட்டடங்களில் அந்தத் துண்டு ஈயமாக இருக்கலாம். பெரிய அடுக்குமாடிகளுக்குத் தடித்த குழாய் தேவை, அதை ஈயத்தில் போடுவது வழக்கமில்லை. அங்கே இருப்பவர்களுக்குப் பயம் குறைவு. பழைய பற்றாசும் பித்தளைக் குழாய்வாயும் விடும் சிறிதளவு மட்டும் மிச்சம்.

கனடா சுகாதாரத் துறை 2019 மார்ச்சில் ஈயத்தின் வரம்பை லீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அன்றைய மொன்றியல் மேயர் வலெரி பிளாந்த், ஏறக்குறைய 48,000 ஈய இணைப்புகளை 2030க்குள் மாற்றுவதாக அறிவித்தார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. பெரியவர்களைவிட, கருவில் இருக்கும் சிசுவுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குமே ஆபத்து: வளரும் மூளையைத்தான் ஈயம் தாக்கும். பால்மாவில் வளரும் குழந்தைக்கு உணவே தண்ணீர்தானே!

கொதிக்கவைக்கும் பழக்கம் வீண் என்று சொல்லவில்லை. 2013 மே 22 அன்று அட்வாட்டர் சுத்திகரிப்பு நிலையத்து வேலையின்போது நீர்மட்டம் இறங்கிக் கசடு கலந்தபோது, சுமார் 13 லட்சம் பேரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அன்று பயம் கிருமிக்கு. ஈயத்துக்கு வைத்தியம் வேறு.

போத்தல் தண்ணீர் வாங்கினால் தீர்ந்ததா? குழந்தைக்கு அவசரத்துக்கு வாங்கலாம். ஆனால் குடும்பம் முழுவதும் மாதக்கணக்கில் 18 லீற்றர் போத்தல் சுமந்தால் காசும் முதுகும் தாங்காது. வடிகட்டிச் சாடி மலிவு. பெட்டியில் 'என்எஸ்எஃப் 53' என்ற முத்திரையும், ஈயத்தைக் குறைக்கும் என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். '42' மட்டும் இருந்தால் அது குளோரின் வாசனையை எடுக்கும், ஈயத்தை விட்டுவிடும். உள்ளே போடும் வடிகட்டியைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும்.

குளிக்க, உடுப்புத் தோய்க்கப் பயமில்லை. ஈயம் தோல் வழியே ஏறாது. சோறு கெதியாகக் கொதிக்கட்டும் என்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே விடுங்கள்: சூட்டில் ஈயம் அதிகம் கரையும். இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் குடிக்கவே வேண்டாம். நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகும் சில நிமிடம் விட்டுப் பிடியுங்கள்.

நிலவறையில் தண்ணீர் உள்ளே நுழையும் குழாயைக் காசால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழாய் மெத்தென்று சுரண்டப்பட்டு வெள்ளியாய் மினுங்கி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் விலாசத்தில் ஈய இணைப்பு உண்டா என்பதை மாநகரசபையின் இணையத்தளத்தில் பார்க்கலாம், அல்லது 311க்கு அழைத்துக் கேட்கலாம்.