முகவாத மறுசீரமைப்பு அறுவை மருத்துவம்: இரவல் தசையும் இரவல் நரம்பும்

முன்னுரை

சிரிப்பு, இமைப்பு, புருவ அசைவு ஆகியவற்றை இயக்குவது ஏழாம் மண்டை நரம்பு. பெல் வாதம், கட்டி, விபத்து, தொழுநோய் முதலியவற்றால் இந்நரம்பு செயலிழப்பதே முகவாதம் எனப்படும். பெல் வாதமுற்றோருள் பெரும்பாலோர் அறுவையின்றியே நலம் பெறுகின்றனர். ஆயினும், நரம்புத் தொடர்பு ஏறத்தாழ 2 ஆண்டுகள் அற்றுப்போயின் முகத்தசைகள் மீளாதவாறு நலிவடையும். அதன்பின் நரம்பை மட்டும் இணைப்பதால் பயனில்லை. புதிய தசையே தேவை. அத்தசையை எந்நரம்பு இயக்குகிறது என்பதே திரும்பப் பெறும் அசைவின் இயல்பை முடிவு செய்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அருகிலுள்ள தசையை இடம் மாற்றுதல்

தலையின் பக்கவாட்டில், நெற்றிப்பொட்டுப் பகுதியில் உள்ள டெம்பொராலிஸ் தசை மெல்லுதலுக்கு உரியது. அதனை இயக்குவது ஐந்தாம் மண்டை நரம்பாதலின், முகவாதத்தில் அது பொதுவாகப் பழுதுறுவதில்லை. இத்தசையின் ஒரு பகுதியைத் திருப்பி, தொடைத் திசுப்பட்டையால் நீட்டிப் பயன்படுத்தும் முறையை 1934இல் ஹெரால்டு கில்லீஸ் விவரித்தார்.

தொழுநோயாளருக்கு இம்முறை பார்வையைக் காக்கும் மருத்துவமாகும். இமை மூடாதபோது கருவிழி உலர்ந்து புண்ணாகும்; அதன் உணர்வும் குன்றியிருப்பின் நோயாளி அவ்வாபத்தை அறியார். வேலூரை அடுத்த கரிகிரி உள்ளிட்ட தொழுநோய் மருத்துவ மையங்களில் இவ்வறுவை செய்யப்பட்டு வந்துள்ளது. அறுவைக்குப்பின் பல்லைக் கடித்தால்தான் கண் மூடும். எனவே, நாள்தோறும் பலமுறை பல்லைக் கடித்து இமைக்கும் பயிற்சி இன்றியமையாதது.

தொலைவிலுள்ள தசையைப் பொருத்துதல்

1976இல் ஜப்பானில் ஹாரீ குழுவினர், தொடையின் உட்புறத்துக் கிராசிலிஸ் தசையை முகத்தில் பொருத்தி, அதன் இரத்தக் குழாய்களையும் நரம்பையும் நுண்ணறுவையால் இணைத்தனர். இன்று அத்தசைக்கு இருவகையில் நரம்பூட்டலாம்.

ஒன்று, மெல்லும் தசையான மாஸ்ஸெட்டரின் நரம்புடன் இணைத்தல். இது ஒரே அறுவையில் முடியும். சில மாதங்களில் வலிய அசைவு கிட்டும். ஆனால், தொடக்கத்தில் பல்லைக் கடித்தே சிரிக்க வேண்டும்.

மற்றொன்று, காலிலிருந்து எடுத்த உணர்வு நரம்பை நலமான பக்கத்து முக நரம்புடன் இணைத்து, மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்லுதல். நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளர்வதால், பல மாதங்கள் கழித்தே தசை பொருத்தப்படுகிறது. அசைவின் வலிமை குறைவாக இருக்கலாம். எனினும், நலமான பக்கம் சிரிக்கும்போதே மறுபக்கமும் தன்னியல்பாகச் சிரிக்கும்.

முடிவுரை

மேற்கண்ட முறைகளுள் எதுவும் செயலிழந்த நரம்பை உயிர்ப்பிப்பதில்லை. பிறிதோர் உறுப்பின் ஆற்றலை முகத்திற்கு இரவல் தருகிறது. வலிமையும் தன்னியல்பும் ஒருங்கே கிட்டுதல் அரிது. எனவே, கண்ணைக் காப்பதை முதற்கடமையாகவும், காலத்தாழ்வு இன்மையை இரண்டாவதாகவும் கொண்டு, நோயாளியின் வயது, தேவை, பயிற்சிக்கான வாய்ப்பு ஆகியவற்றிற்கேற்ப முறையைத் தேர்தலே தக்கதாகும்.