எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்

புதிய வாகனம் வாங்கியவுடன் அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டுசெல்வது நம் குடும்பங்களின் வழக்கம். சென்னை பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதியின் முன் மாலை சூடிய புதுக் கார்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். திண்டுக்கல் – திருச்சி நெடுஞ்சாலையில் அய்யலூருக்கு அருகே வண்டிக் கருப்பண்ணசாமியை வணங்கிச் செல்லும் ஓட்டுநர்கள் ஏராளம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்குத் தெருமுனைப் பிள்ளையார் இருக்கிறார். சந்தனம், குங்குமம், மாலை, தீபாராதனை, திருஷ்டிப் பூசணிக்காய் என்று எல்லாம் முடிந்ததும், நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது. "மெதுவாக முன்னால் எடுங்கோ" என்கிறார் குருக்கள்.

இக்கட்டுரை அந்த ஒரு கணத்தைப் பற்றியது.

ஸ்டீயரிங்கின் முன் அமர்ந்திருப்பவருக்கு அந்தக் கார் கைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரே தாம்பாளத்துடன் குருக்கள் நிற்கிறார். பக்கத்தில் கைப்பேசியில் படம் எடுக்கும் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் கோயில் படிகள். சக்கரம் பழத்தின் மீது ஏறத் தயங்குகிறது. ஓட்டுபவர் கால் சற்றே அழுந்துகிறது. வண்டி பாய்கிறது. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து மீண்டும் ஆக்ஸிலரேட்டரையே மிதிக்கிறார். பூஜை முடிந்த கையோடு புதுக் கார் கோயில் படியேறிய செய்திகளையும், தூணில் மோதிய செய்திகளையும் நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். அப்போதெல்லாம் "சகுனம் சரியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. சகுனத்தை ஏன் இழுக்க வேண்டும்? அந்தக் காலுக்கு அந்தக் காரின் மிதிகட்டைகள் இன்னும் பழகவில்லை, காரணம் அவ்வளவே.

எலுமிச்சம்பழத்தை நசுக்க ஆக்ஸிலரேட்டரே தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ஆட்டோமேட்டிக் காரில் 'டி' நிலைக்கு மாற்றி, பிரேக்கின் மீதுள்ள காலைச் சிறிது தளர்த்தினால் போதும். பெரும்பாலான வண்டிகள் தாமாகவே நகரத் தொடங்கும். கிளட்ச் உள்ள வண்டியென்றால் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டாலே சமதளத்தில் நகரும். அதற்கும் முன்பாக, குருக்கள் உட்பட அனைவரும் வண்டியின் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் கூடாது. படிக்கட்டையோ சுவரையோ பார்த்து நிறுத்தாமல், முன்னால் வெட்டவெளி இருக்குமாறு நிறுத்துவது இன்னும் நல்லது. பூஜைக்கு இதனால் ஒரு குறையும் வராது.

சாவி கைமாறும்போது

நான் பல ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன். ஒரு கிளையில் பெட்டகத்தின் சாவியை ஏற்கும் அலுவலர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. இருப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். பூட்டைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அபாய மணி ஒலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகே பதிவேட்டில் கையொப்பம். கார்க் கடன் கேட்டு வந்த வாடிக்கையாளர்கள் பலரையும் கண்டிருக்கிறேன். வட்டியில் கால் சதவீதம் குறையுமா என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். பல இலட்சம் ரூபாய் வண்டியின் சாவியை வாங்கும்போதோ, விற்பனை நிலையத்தார் விளக்குவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ராகுகாலம் வந்துவிடும்" என்று புறப்பட்டுவிடுவார்கள்.

நளன் வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்த கதையை நாம் அறிவோம். விதர்ப்ப நாட்டுக்கு ஒரே நாளில் சென்றாக வேண்டும் என்ற நெருக்கடியிலும் அவன் இலாயத்தில் நின்று ஒவ்வொரு குதிரையாக ஆராய்ந்தே தேர்ந்தெடுத்தான். மெலிந்து தோன்றிய குதிரைகளைக் கண்டு அரசன் ஐயுற்றபோதும், அவற்றின் இலக்கணம் அறிந்தவனாகிய நளன் தன் தேர்வை மாற்றிக்கொள்ளவில்லை.

நமக்கு இலாயம் இல்லை. வீட்டு வாசல் உண்டு. புதுக் கார் வந்த அன்றோ மறுநாளோ, எஞ்சினை இயக்காமல், கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதனுள் அமர்ந்திருங்கள். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்குமாறு இருக்கையை நகர்த்திக்கொள்ளுங்கள். மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும், ஏறக்குறைய ஒரு சாண். தலை சாய்க்கும் பகுதியின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். அது தூங்குவதற்கான தலையணை அன்று. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்தெலும்பைக் காப்பது அதுவே. கண்ணாடிகளை இவற்றுக்கெல்லாம் பிறகே திருத்த வேண்டும்.

அடுத்து, பார்க்காமலே கையால் தொட்டறியும் பயிற்சி. முகப்பு விளக்கு, ஹாரன், வைப்பர், முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் பொத்தான், முக்கோணக் குறியிட்ட அபாய விளக்கு ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பழகுங்கள். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான கார்களில் திரும்புவதைக் காட்டும் விளக்கின் நெம்புகோல் ஸ்டீயரிங்கின் வலப்புறம் இருக்கிறது. ஐரோப்பிய வழி வந்த சில வண்டிகளில் அது இடப்புறம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் வெயிலில் வைப்பரை ஓட்டிக்கொண்டே திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்கத் தோன்றும். பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கோ அவர் திரும்பப் போவது தெரியவே தெரியாது.

இடது காலுக்கு ஓய்வு

நம் வயதினர் பலர் இப்போது ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிவருகிறார்கள். மூட்டு வலிக்கு அது நல்லதே. ஆனால் நாற்பது ஆண்டுகள் கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால், கிளட்ச் இருந்த இடத்தைத் தேடி அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். வண்டி நடுச்சாலையில் குலுங்கி நிற்கும். ஆகவே இடது காலைப் பக்கத்து ஓய்வுப் பலகையில் வைத்து, அதற்கு வேலையே கொடுக்கக் கூடாது. பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றே. குதிகாலைப் பிரேக்கின் நேரே தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் வலப்புறம் திருப்பி ஆக்ஸிலரேட்டரைத் தொடப் பழகினால், அவசரத்தில் கால் தானாகவே பிரேக்குக்குத் திரும்பும். நின்ற வண்டியில் இதை நூறு முறை செய்து பார்க்கலாம்.

'பி' நிறுத்திவைக்க, 'ஆர்' பின்னால் செல்ல, 'என்' நடுநிலை, 'டி' முன்னால் செல்ல. இது எளிதுதான். ஆனால் குறைந்த விலை ஆட்டோமேட்டிக் வண்டிகள் சிலவற்றில் 'பி' என்ற நிலையே இராது; அங்கே ஹேண்ட்பிரேக்கே கதி. சிலவற்றில் ஹேண்ட்பிரேக் ஒரு சிறு பொத்தானாகச் சுருங்கிவிட்டது. அதை மேலே இழுத்தால் பிடிக்கும், கீழே அழுத்தினால் விடும். உங்கள் வண்டி எந்த வகை என்று விற்பனை நிலையத்திலேயே கேட்டுச் செய்து பாருங்கள். ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டால் பிரேக்கை உறுதியாக மிதித்தபடி 'என்' நிலைக்குத் தள்ள வேண்டும் என்பதையும் மனத்தில் இருத்துங்கள்.

அவசரமாக நிறுத்தும்போது பிரேக் கட்டை காலடியில் அதிர்வதுண்டு. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வேலை செய்வதன் அடையாளம் அது. பயந்து காலை எடுத்துவிடாமல் மேலும் அழுத்த வேண்டும். திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதாகக் கூறப்படும் அத்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. அதன் பிறகும் முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தின் அருகிலேயே நடந்து வருகிறார்கள். எந்த நொடியில் எவ்வளவு அண்டைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

பிள்ளையாரை எங்கே அமர்த்துவது?

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. முன்பலகையின் இடப்பக்கம், பயணி அமரும் இருக்கைக்கு நேராக, ஏர்பேக் என்று பொறித்த ஒரு மூடி இருக்கும். பலர் அதன் மேலேயே கல்லிலோ உலோகத்திலோ ஆன பிள்ளையாரை ஒட்டிவைக்கிறார்கள். மோதல் நேர்ந்தால் அந்த மூடி பிளந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் காற்றுப்பை வெடித்து விரிகிறது. அதன் மேல் இருக்கும் எந்தப் பொருளும் எதிரே அமர்ந்தவர் முகத்தை நோக்கித்தான் பறக்கும். அந்த இடத்தில் பெரும்பாலும் அமர்ந்திருப்பவர் இல்லத்தரசி. மெல்லிய தெய்வப் படம் ஒன்றை வேறிடத்தில் ஒட்டிக்கொண்டால் பக்திக்கும் குறைவில்லை, பாதுகாப்புக்கும் குறைவில்லை. நடுக் கண்ணாடியில் தொங்கும் மணிமாலைகள் சாலையைக் கடப்பவரை மறைக்கும், அவற்றையும் தவிருங்கள்.

சந்தனம் குங்குமம் இடுவதிலும் சிறு கவனம் வேண்டும். பின்பக்கக் கேமராவின் கண்ணாடியிலும், பம்பரில் பொட்டளவு வட்டங்களாகத் தெரியும் உணர்கருவிகளிலும் சந்தனம் காய்ந்துவிட்டால் அவை சரியாக வேலை செய்யா. முன்கண்ணாடியின் உச்சி நடுவில் கேமரா உள்ள வண்டிகளில் அந்த இடத்தில் பொட்டு வைக்கலாகாது. பானெட்டின் மேல் இட்டால் போதுமே.

பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி முன்னிருக்கையில் அமர்வது பல வீடுகளில் பாசத்தின் அடையாளமாக இருக்கிறது. காற்றுப்பை விரிந்தால் இருவருக்கும் நடுவே குழந்தை நசுங்கும். குழந்தைக்குரிய இடம் பின்னிருக்கை. அங்கும் அதற்கான தனி இருக்கையில்.

பின்னிருக்கைப் பெரியவர்கள்

"நான் பின்னால்தானே உட்காருகிறேன், எனக்கு எதற்கு பெல்ட்?" என்பது நம் வயதினர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்குத் திரும்பும் வழியில் பால்கர் அருகே விபத்தில் மறைந்தார். அவர் பயணம் செய்தது விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில். பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. பின்னிருக்கையினரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது சட்டம். மீறினால் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள். வண்டி சட்டென நிற்கையில் பெல்ட் அணியாத பின்னிருக்கைக்காரர் அதே வேகத்தில் முன்னிருக்கையின் மீது மோதுகிறார். முன்னால் இருப்பவர் தம் மகனாகவும் இருக்கலாம்.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மீதன்றி இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவே செல்ல வேண்டும். அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்வது தவறு. புதுக் காருக்கு முதல் வேலையாக உறை தைத்துப் போடுபவர்கள், பின்னிருக்கையின் பெல்ட் கொக்கிகளை அந்த உறைக்கடியில் புதைத்துவிடுகிறார்கள். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டிகளில் பொருந்தாத உறை அதையும் தடுக்கும். உறை போட்ட அன்றே கொக்கிகளை வெளியே எடுத்துப் பாருங்கள்.

பின்கதவுகளில் குழந்தைகளுக்கான பூட்டு ஒன்று உண்டு. அது போடப்பட்டிருந்தால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. பெரியவர்களைப் பின்னால் அமர்த்திவிட்டு மற்றவர்கள் அர்ச்சனைச் சீட்டு வாங்கச் சென்றுவிட்டால், வெயிலில் அவர்கள் உள்ளேயே தவிக்க நேரும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தாம் அமரும் இடத்துக் கதவைத் தாமே திறந்து இறங்கிப் பழக வேண்டும். இறங்குவது எப்போதும் இடப்புறம்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஓர் ஒலி கேட்கும். 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். பழுது என்று எண்ணிச் சர்வீஸுக்கு ஓட வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும். சிவப்பு நிற எண்ணெய்க் குவளையோ வெப்பமானிக் குறியோ எரிந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சாவியின் பேட்டரி தீர்ந்துபோனால் பயப்பட வேண்டியதில்லை. பொத்தான் சாவிகளுள் பலவற்றில் ஒரு சிறு உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கும் விதத்தை வீட்டிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நெடும்பயணத்துக்கு முன் பத்து நாட்களாவது பகல் வெளிச்சத்தில், பழகிய சாலையில், அருகிலுள்ள கோயில்களுக்குச் சென்று வருவது நலம். மலைக்கோயில்களைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். கொல்லிமலை அறப்பளீசுவரரைத் தரிசிக்கச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும்; ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' நிலையோ கைமுறை நிலையோ இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே தொடர்ந்து மிதித்து இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடு தானாகத் தணிய அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை பெரியவர்களை இடப்புறமாக இறக்கி நிழலில் அமரச் செய்யலாம்.